செங்கேணி நின்ற இடம்

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு அக்டோபரில் நான்கு நாட்கள், உத்திரமேரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த வெள்ளேந்தல் கிராமம் நூற்று இருபத்துநான்கு கிலோமீட்டர் நீளம் இருந்தது. அதில் பாதி கடலுக்குள் கிடந்தது. அதற்கு முந்தைய வாரம் வரை மேற்கு எல்லைக்கல்லிலிருந்து கிழக்கு எல்லைக்கல் வரை அந்த ஊர் வெறும் இரண்டாயிரத்து இருநூற்று எண்பது மீட்டர்தான். அந்த நான்கு நாட்களும் கிழக்குத் தெருவில் கறந்த பால் மேற்குத் தெரு சொசைட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் தயிராகி, மோராகி, கேன் மூடியில் வெண்ணெய் திரண்டு இறங்கியது. செங்கல்பட்டுக்காரர்கள் தங்கள் ஊர் வழியாக இன்னொரு ஊர் நீண்டு கிடந்ததைக் கவனிக்கவில்லை; அவர்களுக்கு எப்போதுமே நெரிசல்தான். வெள்ளேந்தலின் ஜனத்தொகை ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் இதையெல்லாம் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார்கள். மீதி ஒருவர் வேதகிரி.

வேதகிரி முப்பத்துநான்கு வருடம் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தெருவில், கதவு சதுரமாகவும் முற்றம் செவ்வகமாகவும் இருக்கும் வீட்டில் குடியிருந்தார். அளந்து எழுதும்வரை எந்த நிலத்துக்கும் நீளமென்று ஒன்று கிடையாது, எழுதிவிட்டால் பிறகு அது அசையாது என்பது அவர் கொள்கை. வேலையில் இருந்த காலத்தில் ஒரு மீட்டர்கூடத் தப்பாக எழுதியதில்லை. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் அரிவாளோடு நின்ற இடத்தில்கூட, முதலில் நாடாவை நேராகப் பிடிக்கச் சொன்னவர். ஊர் நீண்ட நான்கு நாளும் முழங்கால் வீக்கத்தால் கட்டிலில் கிடந்தார். பால் ஏன் மோராக வந்தது என்று கேட்டால், வேன் ஸ்ட்ரைக் என்பார்.

விவகாரம் தொடங்கியது ரேஷன் கடையில். வெள்ளேந்தலுக்குச் சொந்தமாகக் கடை கிடையாது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊருக்குத்தான் நடக்க வேண்டும். தனிக் கடைக்கு அனுமதி வந்து பதினொரு வருடமாகியும் இடம் முடிவாகவில்லை. கிழக்குத் தெருவின் பெரிய கை தினகரன். கடை தன் மாமனார் கட்டிடத்தில் வர வேண்டும் என்றார். மேற்குத் தெருவுக்குக் கலைச்செல்வன்; கடை தன் வீட்டை ஒட்டிய காலி மனையில் வர வேண்டும் என்றார். பஞ்சாயத்து வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பது சட்டம். ஆனால் கிழக்குத் தெருவில் ஒரு கட்சிக் கொடிக்கம்பமும் மேற்குத் தெருவில் இன்னொரு கட்சிக் கொடிக்கம்பமும் நின்றன. ஒரு கம்பத்தை ஓரடி உயர்த்தினால் மறுநாள் மற்றது ஒன்றரை அடி உயரும். கடைசியில் இரண்டும் காக்கை உட்காரப் பயப்படுகிற உயரத்துக்குப் போயிருந்தன.

இதில் அதிகம் அடிபட்டவள் ஏஞ்சல். கிழக்குத் தெருவைத் தாண்டி, ஏரி வாய்க்காலையும் தாண்டினால் காலனி. காலனியின் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் இருபத்திரண்டு மீட்டரில் கிழக்கு எல்லைக்கல். சின்ன வயதிலிருந்து சூம்பிய இடது கால். ஒற்றை ஆள் கார்டு என்பதால் கைரேகை வைக்க அவளே போக வேண்டும். ஒரு சைக்கிளை ஊன்றுகோல்போலத் தள்ளிக்கொண்டு போவாள், அரிசி மூட்டையை அதன் மேல் சாத்திக்கொண்டு வருவாள். நடவிலும் களையெடுப்பிலும் ரேகை தேய்ந்துபோன விரலை இயந்திரம் பாதி நாள் ஏற்காது. அப்போது மறுநாளும் ஐந்தும் ஐந்தும் பத்து கிலோமீட்டர்.

அந்த வருடம் ஐந்தாவது வார்டு, பட்டியல் வகுப்புப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. காலனியைச் சேர்ந்த செங்கேணி, நாற்பத்துநான்கு வயது, நூறு நாள் வேலையில் மேஸ்திரியிடம் சரிக்குச் சரி நின்று பேசுகிறவள், இரண்டு கம்பத்துக்கும் சேராமல் நின்றாள். கட்டில் சின்னம் கிடைத்தது. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கடை கிழக்கேயும் வேண்டாம் மேற்கேயும் வேண்டாம், நடுவில் வரட்டும். எழுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் கட்டில் ஜெயித்தது. ஒன்பது வார்டில் கிழக்குக்கு நான்கு, மேற்குக்கு நான்கு, நடுவில் செங்கேணி. தினகரனும் கலைச்செல்வனும் ஒத்துப்போன ஒரே விஷயம் அன்று டீக்கடையில் வெளியானது. சுயேச்சை என்றால் இன்னும் பக்கம் சேராதவன் என்றுதான் அர்த்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்கள். வேதகிரி தன் தொழில்படி இன்னும் ஒரு படி மேலே போனார். நடு என்பது ஒரு புள்ளி, புள்ளிக்கு அகலம் கிடையாது, அகலம் இல்லாத இடத்தில் கடை கட்ட முடியாது என்றார்.

இருந்தாலும் நடுவை அளந்து தரச் சொல்லி அவரிடமே வந்தார்கள். வேதகிரி முப்பது மீட்டர் நாடாவோடு, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் இருசப்பனைத் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்கினார். ஏரிக்கரை மதகிலிருந்து மேற்குக் கல்லுக்கு முப்பத்தெட்டு நாடா, கிழக்குக் கல்லுக்கும் முப்பத்தெட்டு நாடா. ஆயிரத்து நூற்று நாற்பது, ஆயிரத்து நூற்று நாற்பது. நடு மதகுதான் என்று எழுதப்போனவர், செங்கேணி அந்த நேரம் முழுக்க மதகுக் கட்டையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்ததைப் பொருட்படுத்தவில்லை. அவள் எழுந்து நூறடி தள்ளி டீக்கடைக்குப் போனாள். சரிபார்க்க இன்னொரு முறை அளக்கலாமென்று இருசப்பன் நாடாவை இழுத்தார். மதகு நடுவில் இல்லை. டீக்கடை நடுவில் இருந்தது. அவள் கோயில் அரசமரத்தடிக்குப் போனாள். அரசமரம் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. அவள் எங்கே நின்றாலும் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் சமம். இருசப்பன் பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்குத் தொட்டி நிரம்பினால் சரி.

வேதகிரி மறுநாளே பஸ் ஏறி உத்திரமேரூர் போனார். அங்கே உபைதுல்லாவுடையது மூன்று தலைமுறையாக ஆணி, கயிறு, நாடா விற்கிற குடும்பம். டேப் இழுபடுகிறது என்று வேதகிரி கவுண்டரில் வைத்தார். உபைதுல்லா ஒன்றும் கேட்காமல் புது நாடா கொடுத்தார். மூன்றாம் நாள் அதுவும் திரும்பி வந்தது. அடுத்து இரும்பு நாடா, அதுவும் வந்தது. ஒரு ஆளை அளந்தால் சரியா காட்டுதா சார் என்று உபைதுல்லா கேட்டார். கடைப் பையனில் தொடங்கி வாடிக்கையாளர் வரை நாலு பேரை அளந்து பார்த்தார்கள். எல்லோரும் அவரவர் உயரம்தான் இருந்தார்கள்.

அடுத்த வாரம் துணைத்தலைவர் தேர்தல். உறுப்பினர்களே தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவரோடு சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் துணைத்தலைவர் என்பதால் அந்த நாற்காலிக்கு மரியாதை அதிகம். நான்குக்கு நான்கு என்று நின்றால் ஐந்தாவது ஆளைத் தேர்தல் நாள்வரை வெளியூரில் தங்கவைப்பது எல்லா ஒன்றியத்திலும் உள்ள வழக்கம். டூர் என்று அதற்குப் பெயர். அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்ட தினகரன் முந்திக்கொண்டார். பிடிஓ ஆபீசில் பயிற்சி என்று சொல்லி, சோற்று டப்பாவோடு வந்த செங்கேணியைக் காரில் ஏற்றினார். கார் உத்திரமேரூரில் நிற்கவில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் அவள் கேட்டாள். பயிற்சி கடற்கரையில் என்றார்கள். மேற்கு எல்லைக்கல்லிலிருந்து சரியாக அறுபத்திரண்டு கிலோமீட்டரில், நீச்சல்குளம் வைத்த ஒரு விடுதியில் இறக்கினார்கள். அவள் நடுவில் இருந்தாக வேண்டுமே. மேற்கே அறுபத்திரண்டு என்றால் கிழக்கேயும் அறுபத்திரண்டு. ஊர் நீண்டது.

நீண்டதில் யாருக்கும் காயமில்லை, வீடுகளும் விரிசல் விடவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த வெற்றிடம்தான் மாவு மாதிரி இழுபட்டது. மேற்குத் தெரு தரையில் நின்றது, கிழக்குத் தெருவும் காலனியும் வங்காள விரிகுடாவின் மேல் போய் நின்றன. நனையவில்லை, ஆனால் கிணறு உப்புக் கரித்தது. ஒரு சங்கரா மீன் தினகரன் வீட்டு வாசற்கோலத்தின் நடுவே வந்து விழுந்தது. காலனிப் பிள்ளைகள் வீட்டுப் பின்பக்கமே தூண்டில் போட்டு நான்கு நாளும் மீன்குழம்பு சாப்பிட்டார்கள். கிழக்கு எல்லைக்கல் ஒரு விசைப்படகின் வலையில் சிக்கியது. ஊர்ப்பெயர் செதுக்கிய கல்லைப் பார்த்த மீனவர்கள், யாருடையதோ என்று மரியாதையாகத் திரும்பக் கடலில் இறக்கிவிட்டார்கள். கிழக்குத் தெருவிலிருந்து மேற்குத் தெருவுக்குக் கடுகு வாங்கப் போன ஒருவர் வழியில் இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டார். செங்கேணி கடலை அதுவரை பார்த்ததில்லை. பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வாள். யாருக்கு ஓட்டு என்று கேட்டபோது மட்டும், கடை எங்கே என்று திருப்பிக் கேட்டாள்.

நான்காம் நாள் தினகரனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. “உன் துணைத்தலைவர் பதவிய நீயே வெச்சிக்கினு கடக்கரையிலயே குந்து. வாசல்ல அலை அடிச்சிக்கினு கீது. மொதல்ல அந்தம்மாவ இட்டாந்து ஊர்ல வுடு” என்றாள் அவர் மனைவி. கார் திரும்பியது. செங்கல்பட்டு தாண்டும்போது கிழக்குத் தெரு கரையேறியது, ஏரிக்கரை தெரியும்போது ஊர் தன் பழைய அளவுக்கு வந்திருந்தது. அடுத்து ஏலகிரிக்குக் கூட்டிப்போக அறை பதிவு செய்திருந்த கலைச்செல்வன், தன் தெரு எந்த மலை உச்சியில் தொங்குமோ என்று யோசித்துப் பதிவை ரத்து செய்தார். யாரும் அவளை நகர்த்த முடியாது, யாரும் அவளை மற்றவனிடம் விடவும் முடியாது. ஒன்பது ஓட்டில் ஒன்பது வாங்கி செங்கேணி துணைத்தலைவரானாள். அப்புறம் அவள் வெளியே போகிற நாளைப் பஞ்சாயத்துப் பலகையில் முன்கூட்டியே எழுதிப்போடும் பழக்கம் வந்தது: துணைத்தலைவர் நாளை உத்திரமேரூர் செல்கிறார், பால் ஊற்றுவோர் சீக்கிரம் கிளம்பவும். அவள் தங்கை பிரசவத்துக்குப் பழையசீவரம் போன அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள்.

கடையை ஊரின் நடுவில் அமைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதாக, ஏனென்றால் நடு எங்கே என்பது செங்கேணியின் காலடியில் இருந்தது. அந்தக் காலைத் தன் பக்கம் திருப்பலாம் என்று இரண்டு தெருவும் நம்பின. கிழக்குத் தெருவில் அவளுக்காக ஒரு குஷன் நாற்காலி போட்டார்கள். மேற்குத் தெருவில் நாற்காலியோடு ஃபேனும் இளநீரும். இடத்தின் வரைபடத்தை மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் தாலுகா ஆபீசில் சேர்க்காவிட்டால் அனுமதி வேறு ஊருக்குப் போய்விடும் என்று கடிதமும் வந்தது. செங்கேணி நாற்காலி இரண்டையும் தவிர்த்து, முதலில் அளந்த மதகையே சொல்லிவிடலாம் என்றிருந்தாள். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. யாரும் குறை சொல்ல முடியாது.

குறை சொன்னது ஏஞ்சல்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஏறியவள், எதிரே வந்த செங்கேணியை நிறுத்தினாள். “ஏண்டி, கிழக்குத் தெருவுல கடை வந்தாகூட எனக்குத் தொள்ளாயிரம் மீட்டர்தாண்டி. உன் மதகு ஆயிரத்துக்கு மேல கீது. நீ எனக்கு நடுவுல நிக்கிறியா, தினகரனுக்கும் கலைச்செல்வனுக்கும் நடுவுல நிக்கிறியா?” என்று கேட்டாள்.  செங்கேணி மூட்டையை ஒரு கையால் பிடித்து வீடுவரை கூடப் போனாள். அடுத்த இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சமைத்த சோற்றையும் சரியாகச் சாப்பிடவில்லை என்று காலனியில் சொன்னார்கள்.

மார்ச் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு செங்கேணி ஏஞ்சல் வீட்டு வாசலுக்கு நேரே, நிழலில்லாத இடத்தில் போய் நின்றாள். அசையாமல் நின்றாள். இருசப்பன் டிவிஎஸ்ஸில் வேதகிரியைக் கூட்டிவந்தபோது பதினோரு மணி. தினகரனும் கலைச்செல்வனும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். அந்தக் கடைசி வீட்டுக்கு இருவரும் அதுவரை வந்ததில்லை, ஓட்டுக் கேட்டதும் வாய்க்காலில் நின்றுதான். மேற்கே முப்பத்தெட்டு நாடா வந்தது. வாய்க்காலும் கிழக்குத் தெருவும் ஏரிக்கரையும் எப்படியோ அதற்குள் அடங்கியிருந்தன. கிழக்கே எல்லைக்கல், எச்சில் துப்பினால் விழுகிற தூரத்தில், கிராம வரைபடத்தில் உள்ளபடியே இருபத்திரண்டு மீட்டரில் இருந்தது. இருசப்பன் நாடாவை இழுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார். நடக்க நடக்கச் சிறுத்தார். பத்தாவது நாடாவில் அவர் சட்டை நிறம் தெரியவில்லை, இருபதாவதில் எறும்பளவு. கல் மட்டும் அதே இடத்தில், அதே அளவில். முப்பத்தெட்டு என்று போனில் சொன்னார்.

வேதகிரி பேனாவை மூடினார். “முப்பத்திநாலு வருஷம் ஒரு மீட்டர் தப்பா எழுதினது இல்ல. கண்ணுக்கு எதிர்ல இருவத்திரெண்டு கீறத ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னு எப்டிம்மா எழுதறது? டேப்புதான் தப்பு” என்றார். அவர் எழுதாவிட்டால் அவள் காலை எடுத்ததும் நடு நழுவிவிடும், நாளைக்குக் கடை வேறு ஊருக்கு. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். செங்கேணியின் தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. “நீங்க டேப்ப நம்ப வேணாம் சார்” என்றாள். “போய் அந்தக் கல்லத் தொட்டுட்டு வாங்க. வந்து இன்னா தோணுதோ அத எழுதுங்க. நான் இங்கயேதான் நிப்பேன்.”

வேதகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். இருபத்திரண்டு மீட்டர், முழங்கால் வலியோடு போனாலும் அரை நிமிடம். ஐந்து நிமிடம் கழித்து ஒரு வேலிக்காத்தான் புதரைத் தாண்டினார். அது எந்த வரைபடத்திலும் இல்லை. பிறகு ஒரு குட்டை வந்தது. ஓர் ஆள்காட்டிக் குருவி அவர் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தி, தன் முட்டைப்பக்கம் வரவிடாமல் விரட்டியது. தாகம் எடுத்தது. நின்று திரும்பிப் பார்த்தார். நடக்கலாமா திரும்பலாமா என்று யோசித்தார். இருபத்து நான்காவது நிமிடம் கல்லைத் தொட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கல் வெயிலில் சுட்டது. அங்கிருந்து பார்த்தால் செங்கேணி ஒரு தீக்குச்சி அளவு. தீக்குச்சி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றுவது தெரிந்தது. இடம் மட்டும் மாறவில்லை. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தபோது அவருக்கு ஒரு நினைப்பு வந்தது: இதே தூரத்தை ஏஞ்சல் நான்கு முறைக்குமேல் நடந்து, அப்புறம் திரும்பி, மூட்டையோடு. நான்கு மணி ஆகியும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்து திரும்பி வந்தபோது, ஏஞ்சல் சொம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள். வாங்கிக் குடித்தார். சைக்கிள் கேரியரில் காகிதத்தை வைத்து வரைந்தார்: மேற்கு எல்லை 1140 மீ., கிழக்கு எல்லை 1140 மீ. கையெழுத்துப் போட்டார். செங்கேணி அதன்பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். இருசப்பன் நான்கு ஐம்பத்தைந்துக்கு ஆபீஸ் வாசலில் டிவிஎஸ்ஸைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

எழுதியது எழுதியபடி நின்றது. செங்கேணி இப்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஊர் கூடவே போவதில்லை. கடை ஹாலோ பிளாக் சுவரும் தகரக் கூரையுமாக எழும்பி, அடுத்த பொங்கலுக்குக் கரும்போடு திறந்தது. மேற்குத் தெருக்காரர்கள் கால்மணி நேரத்தில் போய்வருகிறார்கள், கிழக்குத் தெருக்காரர்கள் அதற்கும் குறைவாக. ஏஞ்சலுக்குப் பதினான்கு அடி எடுத்து வைத்தால் போதும். விரல் ரேகையை இயந்திரம் ஏற்காவிட்டால் வீட்டுக்குப் போய்க் குழம்பைக் கிளறிவிட்டு மறுபடி வருகிறாள். பழைய இருபத்திரண்டு மீட்டருக்குள் பதினொரு குடும்பத்துக்கு மூன்று மூன்று சென்ட் மனைப்பட்டா கொடுத்தாயிற்று. குட்டையும் குருவியும் போக இன்னும் இடம் மிச்சம். அடுத்த தேர்தலுக்கு இரண்டு தெருவிலுமே ஆட்கள் சுயேச்சை என்று சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். இருசப்பன் அவர்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து இரண்டு பக்கமும் அளந்து பார்க்கிறார். இதுவரை ஒருவரும் தேறவில்லை; ஒருவர் மட்டும் நானூறு மீட்டர் வித்தியாசத்தில் வந்தார், அவருக்குக் கைதட்டினார்கள்.

வேதகிரி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள் என்று நான்கு வருடம் ஓட்டினார். டீக்கடையில் பேச்செடுத்தால் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவார். போன மாசி மாதம், பேத்தியின் வீட்டு மனை அளக்க ஒரு நாடா வேண்டுமென்று உத்திரமேரூர் போனார். உபைதுல்லா அலமாரிக்குக் கீழே குனிந்து, அவர் முன்பு திருப்பிக் கொடுத்த மூன்று நாடாக்களையும் தூசி தட்டிக் கவுண்டரில் வரிசையாக வைத்தார். கோளாறான சரக்கு என்று யாருக்கும் விற்கவில்லை, கம்பெனிக்கும் அனுப்பவில்லை, சார் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம் என்று எடுத்துவைத்திருக்கிறேன் என்றார்.

வேதகிரி இரும்பு நாடாவைக் கையில் எடுத்து, கொஞ்சம் இழுத்து, விட்டார். அது சரசரவென்று உள்ளே போய்ச் சேர்ந்தது.

“வித்துடு பாய்” என்றார். “டேப்பு மேல ஒரு தப்பும் இல்ல. அது அப்டித்தான் நடந்துச்சி.”